உயிரோடு இருப்பதற்குச் சான்று

ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள். திருச்சிராப்பள்ளியின் கல்லறைத் தோட்டங்களில் அன்று மாலை மெழுகுதிரிகள் வரிசை வரிசையாக எரிகின்றன. மண்ணுக்குள் துயிலும் நம்மவரைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்து, அவர்கள் இறைவனில் வாழ்கின்றார்கள் என்று அறிக்கையிடுகிறோம். இறந்தோர் வாழ்கின்றனர் என்று நாம் சான்று பகரும் அதே மாதத்தில், உயிரோடு இருப்போர் தாம் இறக்கவில்லை என்று சான்று பகர வரிசையில் நிற்கின்றனர். மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுக்கு ஒருமுறை வாழ்வுச் சான்று அளிக்க வேண்டிய மாதமும் நவம்பர்தான்.

அப்படி நின்ற ஒருவரோடு கடந்த நவம்பரில் நாமும் நின்றோம். ஸ்ரீரங்கத்தில் வாழும் கைம்பெண் அவர், வயது 78. கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்று, இறைவனடி சேர்ந்தவர். அவர் விட்டுச் சென்ற குடும்ப ஓய்வூதியமே இந்த அம்மாவின் வாழ்வாதாரம். இளமையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செயற்கை வைரக் கற்களுக்குப் பட்டை தீட்டியவர் இவர். திருச்சியில் ஒரு காலத்தில் பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்ட தொழில் அது. சுழலும் சாணையில் கல்லை அழுத்திப் பிடிக்கும் விரல், கல்லோடு சேர்ந்து தானும் தேயும்.

கணவர் காலத்தில் தொடங்கிய கணக்கு நகரத்தில் உள்ள ஒரு வங்கிக் கிளையில் இருந்தது. ஆகவே அம்மா 1-ஆம் எண் நகரப் பேருந்தில் ஏறி, காவிரிப் பாலம் கடந்து வந்தார். விரலை வைக்கச் சொன்னார்கள்; வைத்தார். கருவி ஏற்கவில்லை. பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்தார்; சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்தார்; ஏற்கவில்லை. மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் ‘சர்வர்’ வேலை செய்யவில்லை. மூன்றாம் முறை கைப்பேசியின் முன் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். புரைக்கு அறுவை செய்த கண், கருவி கேட்ட நேரத்தில் சிமிட்டவில்லை. இடையில் அனுப்பப்பட்ட ஓ.டி.பி. எண், அயல்நாட்டில் வேலை செய்யும் மகன் என்றோ கைவிட்ட பழைய கைப்பேசி எண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த மூன்றாம் முறை நாம் உடன் சென்றிருந்தோம். முகப்பில் இருந்த இளைஞர் நல்லவர். கடுஞ்சொல் ஒன்றும் பேசவில்லை. “நான் என்ன செய்யட்டும் ஃபாதர்? சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது” என்றார். அம்மா அவரைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார். “சாமி, நான் இங்கதானே நிக்கிறேன்?” என்று கேட்டார்.

எளிய கேள்விதான். ஆயினும் பல ஆண்டுகள் இறையியல் கற்ற நமக்கு அவ்விடத்தில் விடை கூறத் தெரியவில்லை. இரவெல்லாம் நம்மை உறங்கவிடாத அந்தக் கேள்வியை, அன்பார்ந்த வாசகர்களே, இன்று உங்கள் முன்னும் வைக்கிறோம்.

பகை இயந்திரத்தோடு அன்று

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். இயந்திரம் வேண்டாம், பழைய காலமே பொற்காலம் என்று பாடுவது நமது நோக்கமன்று. இந்திய மண்ணில் முதன்முதல் அச்சேறிய தமிழ் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதை உருவாக்கியவர் அண்டிரிக் அடிகளார் எனப்படும் இயேசு சபைத் துறவி. அக்காலத்தில் புதுமையிலும் புதுமையான அச்சுப்பொறியைக் கண்டு அஞ்சாமல் அதைக் கருவியாகக் கொண்ட மரபு நம்முடையது. நாம் இக்கட்டுரையை எழுதுவதற்கும், ஆசிரியருக்கு அனுப்புவதற்கும் கணினியே உதவுகிறது. துபாயில் உழைக்கும் மகன் அனுப்பும் பணம் அன்றைக்கே மணப்பாறையில் தாயின் கைக்கு வருகிறது. பேரனின் முகத்தை நாள்தோறும் பாட்டி பார்க்கிறாள். இவற்றைப் பழிப்பவர் நன்றி மறந்தவராவார்.

வாழ்வுச் சான்று கேட்பதும் தவறன்று. இறந்தவர் பெயரில் பிறர் பணம் பெறும் மோசடி உலகம் அறிந்ததே. அதைத் தடுக்கவே 1877-இல் வங்காளத்தின் ஊக்ளி மாவட்டத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேய அதிகாரி ஓய்வூதியம் பெறுவோரிடம் விரல் பதிவு வாங்கும் முறையைக் கொணர்ந்தார். 1897-இல் கொல்கத்தாவில் கைரேகைப் பணியகம் நிறுவப்பெற்றது. ஆக, விரல் ரேகைக்கும் ஓய்வூதியத்துக்கும் உள்ள உறவு நம் நாட்டில் ஒன்றரை நூற்றாண்டு பழையது. 2014 நவம்பர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘ஜீவன் பிரமாண்’ என்னும் மின்னணு வாழ்வுச் சான்றுத் திட்டமும் முதியோரின் அலைச்சலைக் குறைக்கும் நன்னோக்கம் கொண்டதே. அதனால் வீட்டிலிருந்தபடியே சான்று அளித்து மகிழ்ந்தோர் நம் பங்கிலும் உண்டு.

ஆனால் ஹெர்ஷல் காலத்துக்கும் நம் காலத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று விரலை ஒற்றி எடுத்தவரும் ஒரு மனிதர்; ஒப்புநோக்கியவரும் ஒரு மனிதர். ரேகை தெளிவாக இல்லையெனில் நிமிர்ந்து முகத்தைப் பார்க்க அவருக்குக் கண் இருந்தது. ‘இவர் இன்னார்’ என்று தம் பொறுப்பில் எழுதக் கையும் இருந்தது. இன்று அந்தக் கண்ணையும் கையையும் எடுத்துவிட்டுக் கருவியை மட்டும் வைத்துக்கொண்டோம். கையைத் தடவி மட்டுமே ஆளை அறிய முயன்ற முதியவர் ஈசாக்கு, ஏசாவென்று எண்ணி யாக்கோபுக்கு ஆசி வழங்கிய வரலாற்றைத் தொடக்கநூல் நமக்குச் சொல்லியிருக்கிறது. அவர் காதில் விழுந்த குரல் உண்மையைத்தான் சொன்னது. அவரோ கையை நம்பினார்.

எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

இக்காலத்தில் அலுவலகங்களில் வழங்கும் மொழியைக் கூர்ந்து கவனியுங்கள். ‘சிஸ்டம் ஏற்கவில்லை.’ ‘சர்வர் இல்லை.’ ‘மேலிடத்தில் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.’ ‘உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது.’ ‘உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது.’ இவற்றுள் எதிலாவது ஒரு மனிதர் எழுவாயாக இருக்கிறாரா? யார் ஏற்கவில்லை? யார் முடித்துவைத்தார்? செயல் நடந்திருக்கிறது, செய்தவர் இல்லை. துன்பம் நேர்ந்திருக்கிறது, பொறுப்பேற்பவர் இல்லை. நமது சினத்துக்கு உண்மையான காரணம் கருவி பழுதாவதன்று. மாட்டுவண்டியின் அச்சும்தான் முறிந்தது. வண்டிக்காரர் இறங்கி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நம்மோடு நின்றார். இன்று வண்டி முறிந்து கிடக்கிறது, வண்டிக்காரரைக் காணவில்லை.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் வெளியிட்ட ‘சமூக அக்கறை’ பற்றிய சுற்றுமடலில் பாவக் கட்டமைப்புகளைக் குறித்துப் பேசினார். அமைப்புகளே தீமையின் உருவாக மாறக்கூடும் என்று எடுத்துரைத்த அவர், அவை எப்போதும் தனிமனிதரின் பாவச் செயல்களில் வேர்கொண்டவை என்பதையும் வற்புறுத்தினார். காரணம் எளிது. அமைப்பு ஒருநாளும் பாவசங்கீர்த்தனத் தொட்டியண்டை வந்து முழந்தாளிடாது. மனிதர்தாம் வர வேண்டும். ‘சிஸ்டம்’ என்று நாம் சொல்லும் அந்தப் பூதத்துக்குப் பின்னால் ஓர் அறையில் மனிதர் சிலர் அமர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். முகப்புகள் மூன்றை ஒன்றாக்கலாம் என்று ஒருவர் சொன்னார். தொலைபேசியில் அலுவலரோடு பேசும் வழியை எட்டாவது படிக்குத் தள்ளலாம் என்று இன்னொருவர் சொன்னார். விரல் பதியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. இவை இயற்கைச் சீற்றங்கள் அல்ல, எடுக்கப்பட்ட முடிவுகள். எடுத்தவர் மாற்றவும் முடியும்.

வாடிக்கையாளர் சேவை மையம் என்று சொல்கிறார்களே, அதன் கதையை வாசகர்கள் அறிவீர்கள். தமிழுக்கு ஓர் எண்ணை அழுத்துகிறோம். இனிய குரல் ஒன்று நமது அழைப்பு தங்களுக்கு மிக முக்கியமானது என்கிறது. இசை ஒலிக்கிறது. மீண்டும் அதே குரல். இருபது நிமிடம் கழித்து இணைப்பு அறுகிறது. மறுநாள் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி, சேவை எப்படி இருந்தது என்று ஐந்து விண்மீன்களுக்குள் மதிப்பிடச் சொல்கிறது. வாடிக்கையாளரின் பெருமையைக் காந்தியடிகளின் பெயரால் உரைக்கும் பலகை பல அலுவலகச் சுவர்களில் இன்னும் தொங்குகிறது. பலகை மட்டும் இருக்கிறது. அதன் கீழ் அமர வேண்டியவரின் நாற்காலி காலியாக இருக்கிறது.

லூக்கா நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் ஒரு கைம்பெண் வருகிறார். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத நடுவர் ஒருவரிடம் அவர் நாள்தோறும் போய் நீதி கேட்கிறார். தொல்லை பொறுக்கமாட்டாமல் நடுவர் இறுதியில் நீதி வழங்குகிறார். சிறு வயதிலிருந்து இந்த நடுவரை நாம் கொடியவராகவே எண்ணி வந்தோம். இன்றோ அவர்மீது நமக்குச் சற்று மதிப்பே பிறக்கிறது. அவருக்கு ஒரு வாசல் இருந்தது. வாசலில் அந்தப் பெண் நிற்க முடிந்தது. அவருக்குச் சலிப்பு என்னும் மனித உணர்வாவது இருந்தது. பதிவு செய்த குரலுக்குச் சலிப்பு ஏது? ஓயாமல் தட்டுவோருக்குத் திறக்கும் என்னும் நம்பிக்கைக்கு, கதவுக்கு அப்பால் ஒருவர் இருத்தல் இன்றியமையாதது அன்றோ!

நூற்றில் பன்னிரண்டு

‘எங்கோ ஒருவருக்கு நேரும் குறையைப் பெரிதுபடுத்தலாமா?’ என்று சிலர் கேட்பர். எங்கோ ஒருவருக்கு அன்று. 2018-இல் ஆதார் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, அரசுச் சேவைகளில் சரிபார்ப்பின் வெற்றி 88 விழுக்காடு என்று ஆதார் ஆணையத்தின் தரப்பிலேயே கூறப்பட்டது. நூறு முயற்சிகளில் பன்னிரண்டு தோல்வி என்பது இதன் பொருள். அந்தப் பன்னிரண்டில் அகப்படுவோர் யார்? வங்கி மேலாளரா, கணினிப் பொறியாளரா? முதுமையில் தோல் வறண்டு ரேகை மெலிகிறது. சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் உழைத்த கையில் ரேகை அரிக்கப்படுகிறது. பாத்திரம் துலக்கிய கையில், செங்கல் சுமந்த கையில், சாணை பிடித்த கையில் ரேகை தேய்கிறது. ஆக, யார் மிகுதியாக உழைத்தாரோ அவரையே கருவி ‘இன்னாரென்று தெரியவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறது. உழைப்பைப் பற்றி 1981-இல் சுற்றுமடல் எழுதிய அதே திருத்தந்தை, தொழில்நுட்பம் மனிதருக்குத் துணையாகவும் வரக்கூடும், மனிதருக்கு எதிராகவும் திரும்பக்கூடும் என்று எச்சரித்தது இத்தகைய நாளை முன்கண்டுதான் போலும்!

நீதிமன்றங்கள் கண் மூடியிருக்கவில்லை. 2018 செப்டம்பர் 26-ஆம் நாள் தீர்ப்பில் ஆதார் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்ற நீதிபதிகள், சரிபார்ப்புத் தவறியதால் உரியவருக்கு உதவி மறுக்கப்படலாகாது என்பதையும் கருத்தில் கொண்டனர். 2025 ஏப்ரல் 30-ஆம் நாள் வந்த மற்றொரு தீர்ப்பு நம் நெஞ்சைத் தொட்டது. அமில வீச்சால் முகம் சிதைந்த ஒரு பெண், கணக்குத் தொடங்க வங்கிக்குச் சென்றார். உயிரோடிருப்பதைக் காட்டக் கண்ணைச் சிமிட்டச் சொன்னது முறை. அவரால் சிமிட்ட இயலவில்லை. வழக்கை விசாரித்த நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர், மின்னணுச் சேவைகளை அடைதல் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உரைத்து, மாற்று வழிகளை ஏற்படுத்த இருபது நெறிமுறைகளை வகுத்தனர். எங்கோ வட நாட்டில் நடந்ததன்று இது. நம் அம்மா முகப்பின் முன் சிமிட்ட முயன்றாரே, அந்தக் கண்ணும் அவ்வழக்கில் ஒரு மனுதாரர்தான்.

நியாயவிலைக் கடைகளிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் விரல் ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை பரவலாக வந்தது. கருவி ஏற்காமல் வெறுங்கையோடு திரும்பிய முதியோரை நாம் கண்டிருக்கிறோம். பின்னர் 2025 ஆகஸ்ட் 12-ஆம் நாள், 70 வயதைக் கடந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே சென்று அரிசி முதலியன வழங்க ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அதற்கு இட்ட பெயர் ‘தாயுமானவர்’. இப்பெயரின் ஊற்று நம் மலைக்கோட்டையில் இருக்கிறது. பேறுகாலத்தில் தவித்த மகளிடம் வர முடியாமல், காவிரி வெள்ளத்தால் அக்கரையில் தாய் தடுக்கப்பட்டாள். அப்போது இறைவனே தாயின் உருவில் நேரில் வந்து அருகிருந்தார் என்று நம் இந்துச் சகோதரர் வழிவழியாகப் போற்றி வருகின்றனர். ஆற்றைக் கடக்க முடியாதவரிடம் செய்தி அனுப்புவது அன்பன்று. கடந்து வருவதே அன்பு என்று காவிரிக்கரை மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கடவுள் தம் அன்பை ஓலையில் எழுதி அனுப்பிவிட்டு நின்றுவிடவில்லை, மனுவுருவானார் என்று நம்பும் நாம் இதை மறக்கலாமா?

வழி இருந்தது, சொல்வார் இல்லை

இனி அம்மாவின் கதைக்கு வருவோம். நாம் மேலாளரின் அறைக்குச் சென்றோம். அவர் அம்மாவை ஒரு முறை பார்த்தார். இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். கையொப்பம் வாங்கினார், தாமும் இட்டார். ஐந்து நிமிடம் ஆகவில்லை. காகிதத்தில் வாழ்வுச் சான்று அளிக்கும் பழைய வழி ஒருபோதும் மூடப்பட்டிருக்கவில்லை! அது மட்டுமன்று. 2017 நவம்பர் 9-ஆம் நாள் இந்திய ரிசர்வ் வங்கி அனைத்து வங்கிகளுக்கும் விடுத்த சுற்றறிக்கை மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொல்கிறது: முதியோருக்கெனத் தனி முகப்பு வேண்டும், ஓய்வூதியம் வழங்கும் வங்கியின் எந்தக் கிளையிலும் வாழ்வுச் சான்றைப் பெற வேண்டும், 70 வயதைக் கடந்தோருக்கு இத்தகைய அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே சென்று செய்ய முயல வேண்டும். அப்படியானால் அம்மா பாலத்தைக் கடந்திருக்கவே வேண்டியதில்லை. மூன்று நாள் அலைச்சலுக்குக் காரணம் விதி இல்லாமையன்று. விதியைச் சொல்லும் வாய் இல்லாமை.

யோவான் நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் பெத்சதா குளம் வருகிறது. ஐந்து மண்டபங்கள், நோயுற்றோர் கூட்டம், தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குபவர் நலம் பெறுவார் என்னும் நம்பிக்கை. 38 ஆண்டுகளாக ஒருவர் அங்கே கிடக்கிறார். நலம் பெற விரும்புகிறாயா என்று ஆண்டவர் கேட்கும்போது, தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆள் ஒருவரும் இல்லை என்பதையே அவர் மறுமொழியாகச் சொல்கிறார். தண்ணீர் இருந்தது, மண்டபங்கள் இருந்தன, திட்டம் இருந்தது. ஆள்தான் இல்லை. நம் நாட்டின் மின்னணுச் சேவைகள் பலவும் இன்று இத்தகைய குளங்களே. ஓடக்கூடியவர் முதலில் இறங்கிவிடுகிறார். மற்றவர் கரையிலேயே கிடக்கிறார். இயேசுவோ அவருக்குக் குளத்தைக் காட்டவில்லை; தாமே அவருக்கு ஆளானார்.

‘காலத்துக்கேற்ப முதியோரும் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே?’ என்பது ஒரு மறுப்பு. கற்கட்டும், கற்பிப்போம். ஆனால் தேய்ந்த விரலுக்கு எந்தப் பாடம் சொல்லி ரேகை முளைக்கச் செய்வது? ‘ஆள் வைத்தால் செலவு மிகும்’ என்பது அடுத்த மறுப்பு. செலவு குறையவில்லை ஐயா, இடம் மாறியிருக்கிறது. நிறுவனம் மிச்சப்படுத்திய ஊதியத்தை அம்மா பேருந்துக் கட்டணமாகவும், மூட்டு வலியாகவும், மூன்று நாள் பகலாகவும் செலுத்தினார். அவர் கணக்கை எவரும் எழுதி வைக்காததால் இலாபம் போலத் தோன்றுகிறது, அவ்வளவே. பொறுப்பைச் சுமத்தினால் அமைப்பு அசையும் என்பதற்குச் சான்றும் உண்டு. ஏ.டி.எம். இயந்திரம் பணம் தராமல் கணக்கில் கழித்துவிட்டால், ஐந்து நாளுக்குள் திருப்பி வரவு வைக்க வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பர் 20-இல் ரிசர்வ் வங்கி விதித்தது. தவறுக்கு ஒரு விலையும் அதைத் தர ஒரு பொறுப்பாளரும் இருக்கும் இடத்தில் ‘சிஸ்டம்’ விரைவில் நற்புத்தி பெறுகிறது.

நம் வீட்டு முற்றம்

இதுவரை பிறரைச் சாடினோம். இனி நம் பக்கம் திரும்பாவிடில் இக்கட்டுரை பரிசேயனின் மன்றாட்டாகிவிடும்.

நம் கத்தோலிக்கப் பள்ளிகளுள் கட்டணத்தைச் செயலி வழியாக மட்டுமே செலுத்தச் சொல்லும் பள்ளிகள் இல்லையா? படிப்பறியாத தாய் அலுவலக வாசலில் நிற்க, ‘பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள்’ என்று அனுப்பவில்லையா? நம் மருத்துவமனைகளில் வரிசை எண் தரும் பெட்டியின் முன் விழித்து நிற்கும் கிராமத்து முதியவரை நாம் கண்டதில்லையா? காணிக்கைப் பெட்டியின்மீது கட்டக்கோடு அட்டையை ஒட்டி வைத்த வேகத்தில், பங்கு அலுவலகத்தில் ஏழைகளின் பேச்சைக் கேட்க ஒருவரை அமர்த்தினோமா?

நமது குற்றத்தையும் ஒளிக்க மாட்டோம். சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில் ஒருநாள் காலைத் திருப்பலியின் நேரத்தை மாற்றினோம். முதல் நாள் இரவு பங்கின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டு, கடமை முடிந்ததென்று உறங்கினோம். மறுநாள் ஐந்தரை மணிக்கு, கைப்பேசி இல்லாத பெரியவர் ஒருவர், ஆண்டுக்கணக்காக ஒருநாளும் தவறாமல் வருபவர், பூட்டிய கோவிலின் படியில் குடையோடு நின்றிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து நாம் கதவைத் திறந்தபோது, “மன்னிச்சுக்குங்க சாமி, எனக்குத்தான் நேரம் தப்பிப்போச்சு போல” என்றார். தவறு நம்முடையது, மன்னிப்புக் கேட்டவர் அவர். அமைப்பு செய்யும் மிகப் பெரிய தீமை இதுவே: பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக உணரச் செய்துவிடுகிறது. விரலைத் திரும்பத் திரும்பத் துடைத்த அம்மாவும் தம் விரல்தான் குற்றம் செய்தது என்றே எண்ணினார்.

அருளடையாளங்கள் இணையத்தில் இல்லை என்று 2002-இலேயே திருச்சபையின் சமூகத் தொடர்புத் திருப்பீட அவை எடுத்துரைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் திரையில் திருப்பலி கண்டு ஏங்கிய நம் மக்களுக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் நெற்றியில் விழ வேண்டும். எண்ணெய் உள்ளங்கையில் படிய வேண்டும். அப்பம் கையில் தரப்பட வேண்டும். தொழில்நுட்பமே எல்லாவற்றுக்கும் அளவுகோலாகிவிடும் மனப்போக்கைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இன் ‘இறைவா உமக்கே புகழ்’ மடலில் கண்டித்தார். 2025 மே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, ‘லியோ’ என்னும் பெயரைத் தாம் ஏற்றதற்கு, 1891-இல் தொழிலாளர் உரிமைக்குக் குரல் கொடுத்த பதின்மூன்றாம் லியோவையும், இன்றைய செயற்கை நுண்ணறிவு எழுப்பும் சவாலையும் சேர்த்தே காரணம் காட்டினார். திருச்சபையின் தலைமை பேசிவிட்டது. அடித்தளத்தில் நாம் என்ன செய்யப்போகிறோம்?

நிறுவனங்களிடம் நாம் கேட்பது மூன்றே. ஒன்று, எந்தச் சேவைக்கும் மனிதர் வழியாக நுழையும் ஒரு வாசல் திறந்திருக்கட்டும். இரண்டு, கருவி மறுக்கும்போது கண்ணால் கண்டு ஏற்கும் அதிகாரம் முகப்பில் இருப்பவருக்கு இருக்கட்டும். ‘நான் என்ன செய்யட்டும்?’ என்று கைபிசையும் நிலையில் ஓர் இளைஞரை அமர்த்துவது அவருக்கும் செய்யும் அநீதி. மூன்று, மறுப்பதாயின் காரணத்தை எழுதிப் பெயரிட்டுக் கையொப்பமிட்டுத் தரட்டும். பெயர் எழுத வேண்டிய கட்டாயம் வந்தால் பாதி மறுப்புகள் நாவிலேயே நின்றுவிடும் என்பது நமது உறுதி. இவற்றைக் கேட்கும் உரிமை நமக்குச் சட்டப்படி உண்டு. வங்கி ஒரு மாதத்துள் எழுத்துப் புகாருக்குத் தக்க விடை தராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். பிற பொருள், சேவைக் குறைகளுக்கு 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

நம்மிடம் நாம் கேட்பது ஒன்று. வருகிற நவம்பரில் ஒவ்வொரு பங்கிலும், கல்லறைகளுக்கு மலர் தூவிய கையோடு, உயிரோடிருக்கும் முதியோரின் பட்டியலையும் எடுப்போம். இளைஞர் இருவர் இருவராகச் செல்லட்டும். ஆண்டவரும் சீடர்களை அப்படித்தானே அனுப்பினார். கைப்பேசி தெரிந்தவர் கைப்பேசியால் உதவட்டும். விரல் பதியாதவரோடு வங்கிக்கும் கடைக்கும் கூட நடக்கட்டும். சுற்றறிக்கையின் படியைக் கையில் வைத்திருக்கட்டும். ஸ்ரீரங்கத்தில் வாழும் அம்மாவுக்கு உறவினர் தொலைவில் இருக்கலாம். ஆள் இல்லை என்று அவர் சொல்லும் நிலை ஒரு கிறிஸ்தவப் பங்கின் எல்லைக்குள் இருக்கலாகாது. அம்மா கிறிஸ்தவராக இல்லாவிடினும் இருக்கலாகாது.

அன்று வங்கியிலிருந்து திரும்பும்போது அம்மா பேருந்தில் தம் உள்ளங்கைகளை விரித்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். வழவழப்பான, கோடழிந்த விரல்கள். பூட்டிய அறைக்குள் அஞ்சியிருந்த சீடர்களுக்குத் தாம் உயிரோடிருப்பதை உயிர்த்த ஆண்டவர் எப்படி மெய்ப்பித்தார் என்பது அப்போது நம் நினைவுக்கு வந்தது. அவரும் கைகளையே காட்டினார். ஆணி துளைத்த கைகள் அவை. எந்தக் கருவியும் ஏற்றிருக்காது. தோமா ஏற்றார், ஏனெனில் அவர் அருகில் வந்து பார்த்தார்.